எரியாத திரை

விரலுக்கு அடியில் இருப்பது என் விசைப்பலகை இல்லை. எஃப் மேலும் ஜே மேலும் இருக்கிற சின்ன மேடுகள் கூராக நிற்கின்றன, யாருடைய விரலும் இன்னும் தேய்க்காத மேடுகள். என்னுடையதில் அவை பதினோரு வருஷத்தில் மழுங்கி, பழைய நாணயத்தின் எழுத்தைப்போல, பழகியவளுக்கு மட்டும் தட்டுப்படுகிறவையாக இருந்தன. இதில் பிளாஸ்டிக் வாசனை இன்னும் போகவில்லை. மணிக்கட்டை அமுக்கினேன். பத்து மணி பன்னிரண்டு நிமிடங்கள் என்றது கடிகாரம், என்றைக்கும் அவசரப்படாத அதே பெண் குரலில். பதினொன்றரைக்கு இன்னும் எழுபத்தெட்டு நிமிடம். கண்காணிப்பாளர் அருட்செல்வன் மெதுவாகத்தான் சொன்னார், அவருக்குக் கோபப்படத் தெரியாது, அதுதான் கஷ்டம். "கீழப்பனையூர் மனுவுக்குப் பதில் இன்னைக்கே போகணும்மா. பதினொன்றரைக்குள்ள வரைவு வரலைன்னா மெஹருன்னிசாகிட்ட குடுத்துடறேன். தப்பா நினைக்காதீங்க. இணைப்பகத்துல உங்க நாற்காலி அப்படியேதான் இருக்கு." இருக்கும். அதை யார் எடுக்கப்போகிறார்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவை மணி அடிக்கிற தொலைபேசி, அதில் இரண்டு தவறான எண். பிறவியிலேயே பார்வை இல்லாத என்னை அரசாங்கம் அங்கேதான் உட்கார வைத்தது, எம்.ஏ. தமிழ் முதல் வகுப்பு என்ற சான்றிதழோடு, பத்து வருஷம். ஆறு வருஷம் மனுப் போட்டுத்தான் இந்தக் கடிதப் பிரிவுக்கு வந்தேன். சாலை சம்பந்தமாக ஊர்க்காரர்கள் எழுதுகிறதற்கெல்லாம் இந்த அலுவலகத்திலிருந்து போகிற பதில்களை நான்தான் எழுதுகிறேன், பதினோரு வருஷமாக, செங்கமலம் எழுதின கடிதத்தில் கை வைக்க வேண்டியதில்லை என்று இதற்கு முன்னால் இருந்த மூன்று கண்காணிப்பாளர்களும் சொன்னார்கள். அருட்செல்வன் நான்காமவர், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. போகிறபோது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். "அப்புறம் இந்தத் திரை இனிமே எரிஞ்சிட்டே இருக்கட்டும்மா. மேலேருந்து யாராவது வந்தா வேலை நடக்குதுன்னு தெரியணும்ல." முதலாவதைவிட இரண்டாவதுதான் உறுத்துகிறது.

எல்லாம் வெள்ளிக்கிழமை நடந்திருக்கிறது, தங்கை வேதவல்லியின் பேத்திக்குக் காது குத்துக்காக நான் விடுப்பில் இருந்த அன்று. பழுதான கணினிகளைக் கணக்கெடுக்க ஒப்பந்தக்காரர்கள் ஆட்களை அனுப்பியிருக்கிறார்கள். என் மேசைக்கு வந்து திரையின் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். எரியவில்லை. எப்படி எரியும், அதன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் மேசை விசிறியைச் சொருகியிருந்தேனே. அவர்கள் சுற்றியிருந்தவர்களைக் கேட்டிருக்கிறார்கள், சுற்றியிருந்தவர்கள், ஆமாங்க, அது எப்பவுமே கறுப்பாத்தான் இருக்கும் என்றிருக்கிறார்கள். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். "வேலை செய்யவில்லை"னு ஒரு சீட்டு ஒட்டி எடுத்துட்டுப் போயிட்டானுங்கக்கா, நான் அன்னைக்குக் கருவூலத்துக்குப் போயிருந்தேன், இருந்திருந்தா விட்டிருப்பேனா என்று பக்கத்து மேசை மெஹருன்னிசா காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டாள், அது அவள் விரல் வழியாக எனக்குத் தெரிந்தது. எனக்கும்தான் வந்தது. ஒரு நாளைக்கு முப்பது கடிதம் எழுதின இயந்திரத்தைச் செத்துப்போனதென்று தூக்கிக்கொண்டு போய், அந்த இடத்தில் இந்தப் புதியதை வைத்திருக்கிறார்கள். அதோடு என்னுடைய ஒழுங்கெல்லாம் போனது. எது பேச வேண்டும், எது பேசக்கூடாது, எந்த விசை எதைத் திறக்க வேண்டும், எல்லாம். போகட்டும், இப்போது அழுவதற்கு நேரமில்லை. கைப்பையின் உள் ஜிப்பில், மூக்குப்பொடி டப்பா அளவு டப்பாவில், என் மென்பொருள்கள் இருக்கிற விரலியை, பென் டிரைவை, வைத்திருக்கிறேன். எடுத்துச் சொருகினேன். காதுக்கருவியை, அதாவது ஹெட்போனை, சொருக ஓட்டை எங்கே என்று தடவியபோது மெஹர் என் கையைத் திரையின் முதுகுப் பக்கம் கொண்டுபோய், இங்க ஒண்ணு இருக்குக்கா என்றாள். சொருகினேன். இனி மௌனத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும், பேசுகிற மென்பொருள் எழும்வரை கணினி எனக்கு ஒரு மரப்பெட்டி. இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கினால் ஒரு கட்டம் திறக்கும், திறந்திருக்கும் என்று நம்ப வேண்டும், அதில் கணினி விரலிக்கு வைத்திருக்கும் ஆங்கில எழுத்தையும் கோப்பின் பெயரையும் அடிக்க வேண்டும். ஈ என்று வைத்து அடித்தேன். டிங் என்று ஒரு சத்தம். தப்பு என்று சொல்வதற்காகவாவது வாயைத் திறந்ததே. டி என்று வைத்து அடித்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதில் இரண்டு வகை இருக்கிறது, ஒன்று சும்மா இருப்பது, இன்னொன்று மூச்சிழுப்பது. இது மூச்சிழுத்தது. பிறகு பேசியது. வணக்கம், திரைவாசிப்பான் தயார் என்றது, நோயாளியிடம் பேசுகிற மாதிரி அவ்வளவு நிதானமாக. எழுபத்தெட்டு நிமிடத்தில் எட்டு போயிருந்தது. முதல் வேலையாக வேகத்தைக் கூட்டினேன். ஐம்பது, அறுபது, எழுபத்தைந்து, தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றிரண்டுதான் என் நடை. ஒரு தடவை மெஹர் ஆசைப்பட்டுக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுப் பிடுங்கிப் போட்டாள், "என்னக்கா இது, வாணலியில கடுகு வெடிக்கிறாப்ல இருக்கு." அந்தக் கடுகு ஒவ்வொன்றும் எனக்குத் தனித்தனியாகக் கேட்கும். இந்தக் கட்டடத்தில் என்னைவிட வேகமாகப் படிக்கிறவர் யாரும் இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் பாவம் என்று ஒரு பாராட்டுக் குரல் வரும், அந்தக் குரலை எனக்குப் பிடிக்காது.

அடுத்தது ஒழுங்கு. அதுதான் மென்பொருளின் பெயர், திருநெல்வேலியில் வங்கியில் வேலை பார்க்கிற ஆல்பர்ட் ஞானமுத்து எழுதியது, அவருக்கும் பார்வை கிடையாது. கணினியின் அமைப்புகள் நூறு இடத்தில் சிதறிக் கிடக்கின்றன, ஒன்று பரணில், ஒன்று அடுப்படியில், ஒன்று கிணற்றடியில் என்று. பார்க்கிறவர்கள் படத்தைப் பார்த்துப் பார்த்துப் போய்விடுவார்கள். ஆல்பர்ட் எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கினார், நூற்று நாற்பது வரிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கட்டம், கீழே போக அம்புக்குறி, மாற்ற இடைவெளி விசை, அவ்வளவுதான். படமே கிடையாது. திறக்கச் சொன்னால் கணினி முதலில் அனுமதி கேட்கும், அந்த அனுமதிப் பெட்டி வரும்போது பேசுகிற குரலும் வாயை மூடிக்கொள்ளும், அந்த ஒரு நொடி மௌனத்தில் ஆல்ட்டையும் ஒய்யையும் அமுக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருக்கிறது. ஒன்று, அசைவூட்டங்கள். அணை. இரண்டு, கண்ணாடிபோன்ற விளிம்புகள். அணை. மூன்று, சுட்டியின் நிழல். எதற்காம் அதற்கு நிழல். அணை. செய்திப் பலகை, வானிலைப் பலகை, இன்றைய படம், அணை, அணை, அணை. கணினியோடு சேர்ந்து தானாக எழுந்திருக்கும் நிரல்கள், பதினான்கு. புது இயந்திரத்தில் பதினான்கு பேர் காலையில் எழுந்து என்ன செய்கிறார்களாம். வேதவல்லி வீட்டில் வெள்ளிக்கிழமை அப்படித்தான் இருந்தது. ஆளுக்கொரு பக்கம் பேச்சு, நான் போகிறபோதெல்லாம் நாற்காலிகள் இடம் மாறியிருந்தன, கூடத்தில் காலையில் இருந்த மேசை மத்தியானம் இல்லை, நான் நடக்க ஆரம்பித்தால் நான்கு கைகள் வந்து பிடிக்கின்றன. பெரியம்மா இங்க உக்காருங்க, பெரியம்மா எந்திரிக்காதீங்க, நான் கொண்டாறேன். அன்புதான். ஐம்பத்தாறு வயதுவரைக்கும் என்னை யாராவது எங்கேயாவது உட்கார வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். என் செருப்பைக்கூட யாரோ எடுத்து ஓரமாக வைத்துவிடுகிறார்கள், மிதிபடாமல் இருக்கட்டும் என்று, பிறகு என் செருப்பை நான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. எதை எங்கே வைப்பது என்று நானே முடிவு செய்த வீடு ஒன்றுதான், அதை வெள்ளிக்கிழமை சீட்டு ஒட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். நாற்பத்திரண்டு, தானாகத் தூங்கப் போவது. தூங்காதே. நாற்பத்து மூன்று, தானாகத் திருத்துவது. என் சொல்லை நான் திருத்திக்கொள்கிறேன், அணை. எண்பதாவது வரி தாண்டியபோது கணினி இலேசாகிவிட்டது, விசையைத் தொட்டதும் பதில் வருகிறது, கோடைக்குப் பிறகு கிணற்றைத் தூர்வாரினால் வாளி போய் விழுகிற சத்தம் மாறுமே, அந்த மாதிரி. இதைச் செய்யத் தெரிந்தவள் இந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான். மெஹருடைய கணினி திணறியபோது நான்தான் சரி செய்தேன், தலைமை எழுத்தருடையதையும். சம்பளப் பட்டியல் போடுகிற அன்று காதில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன். அவர் அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னை மேடம் என்று கூப்பிட்டார். மணிக்கட்டு பத்து ஐம்பது என்றது. நல்ல வேகம். நல்ல வேகத்தில்தான் கை தானாகப் போகும், அப்படித்தான் போனது, வலது கை திரையின் கீழ் விளிம்புக்குப் போய், விளிம்போடு ஓடி, மூலையில் இருந்த பொத்தானைக் கண்டுபிடித்து அமுக்கிவிட்டது. அணையட்டும். எரிந்துகொண்டே இருக்கட்டுமாம்.

குரல் போய்விட்டது. வாக்கியத்தின் நடுவில், எண்பத்தாறாவது வரியின் பாதியில். அம்புக்குறியை அமுக்கினேன். ஒன்றுமில்லை. இது மூச்சிழுக்கிற ஒன்றுமில்லை இல்லை. ஒலியைக் கூட்டும் விசை, ஒன்றுமில்லை. எதையாவது அணைக்கக் கூடாததை அணைத்துவிட்டேனா, எண்பதிலிருந்து எண்பத்தைந்துவரை என்ன வந்தது, சேவைகள், அச்சுப்பொறி, புளூடூத், வேறென்ன, வேகமாகப் போகிறேன் என்ற திமிரில் எதையாவது. "அக்கா, திரை அணைஞ்சிருச்சே" என்றாள் மெஹர். நான்தான் அணைத்தேன் என்றேன். "ஏன்க்கா, இப்பத்தானே அவரு சொல்லிட்டுப் போனாரு. ரெண்டு நாளைக்கு எரிய விட்டாத்தான் என்ன, உங்களுக்கு அது எரிஞ்சா என்ன, அணைஞ்சா என்ன?" அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பதினோரு வருஷமாக எல்லோருக்கும் நான் சொன்ன பதில் மின்சாரச் சிக்கனம். ஒரு தடவை ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி அதைக் கேட்டுவிட்டுக் கூட்டத்தில் என்னை எடுத்துக்காட்டாகச் சொன்னார், பார்வையில்லாத ஒரு சகோதரிக்கு இருக்கிற பொறுப்பு நமக்கு இல்லையே என்று, கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். உண்மையான காரணம் அப்போது இந்தப் பிரிவில் இருந்த தேசிகன். கடிதப் பிரிவுக்கு வந்த முதல் வருஷம், எனக்கு நாற்பத்தைந்து வயது, வைரவநாதன் என்று ஒரு தலைமையாசிரியர், மனைவியை இழந்தவர், என்னைக் கேட்டு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், குரலில் சுண்ணக்கட்டித் தூசி படிந்த மாதிரி ஒரு கரகரப்பு. காப்பித் தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகத் தம்ளரைச் சுற்றி வைத்துவிட்டார், கைக்குழந்தைக்கு வைக்கிற மாதிரி. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வேதவல்லிக்கு எழுத உட்கார்ந்தேன். பிரிவில் யாரும் இல்லை, அப்படி நினைத்தேன். எனக்கு இந்தப் பிரிவில் எல்லோருடைய செருப்புச் சத்தமும் தெரியும். அவர் என்னைக் கையைப் பிடித்து நடத்த ஆசைப்படுகிறார், எனக்கு நடக்கத் தெரியும், ஆனால் சில நாள் களைப்பாக இருக்கிறது வேதா, என்று எழுதினேன். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ இன்னும் எழுதவில்லை, அந்த வரியில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று மணித் தேநீருக்குத் தேசிகன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன செங்கமலம், சில நாள் களைப்பா இருக்காமே? அப்ப கல்யாணச் சாப்பாடு எப்போ?" என்றார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் தெரியாது. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். எல்லோரும் சிரித்தார்கள், கேலிதானே, நல்ல விஷயம்தானே. அன்று சாயங்காலம் நான் வேதாவுக்கு வேண்டாம் என்று எழுதினேன். இங்கேதான் எனக்கு எப்போதும் சிக்கிக்கொள்கிறது. அந்த வேண்டாம் என்னுடையதா. அந்த வரியிலேயே இன்னும் இரண்டு நாள் நின்றிருந்தால் என்ன எழுதியிருப்பேன். களைப்பு என்ற சொல் தேநீர்க் கடைப் பையனுக்குக்கூடத் தெரிந்துபோன பிறகு வைரவநாதனிடம் போய்ச் சரி என்று எப்படிச் சொல்வது. தேசிகன் ஓய்வுபெற்றுப் போனபோது மாலைக்கு நானும் என் பங்கைக் கொடுத்தேன். வைரவநாதன் அப்புறம் யாரையோ கட்டிக்கொண்டாராம், சந்தோஷமாக இருக்கிறாராம், வேதாதான் சொன்னாள். அவர் தம்ளரைச் சுற்றி வைத்த விரல்களில் சுண்டுவிரலை மட்டும் வைக்க மறந்துவிட்டார், நான்தான் வைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று எழுதினதற்கு மறுநாள் காலையில் திரையின் கம்பியைப் பிடுங்கினேன். கறுப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. இவர்கள் எல்லோருக்கும் அது பயம் தருகிற ஒன்று என்பது மட்டும் தெரியும். எனக்கு அது தாழ்ப்பாள்.

பத்து ஐம்பத்தொன்பது. உட்கார்ந்து பழையதை நினைக்கிற நேரமா இது. ஆல்பர்ட்டைக் கூப்பிடலாம், ஆனால் இப்போது அவர் கவுண்டரில் இருப்பார், இருந்தாலும் எடுப்பார், எடுத்து யக்கா என்பார். வேண்டாம். முதலில் கையால் பார். குரல் எதோடு சேர்ந்து போனது. பொத்தானோடு. பொத்தானை மறுபடி அமுக்கினேன். இரண்டு நொடி. எண்பத்தாறு, அறிவிப்பு ஒலிகள், தேர்வு செய்யப்பட்டது என்றது குரல், ஒன்றுமே நடக்காத மாதிரி. எனக்கு அதன் கன்னத்தைக் கிள்ள வேண்டும்போல இருந்தது. காதுக்கருவியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விரலால் பின்னால் போனேன். தோளிலிருந்து மேசை, மேசையிலிருந்து திரையின் முதுகு, அங்கே ஓட்டை. திரையிலிருந்து ஒரு பருத்த கம்பி கீழே பெட்டிக்குப் போகிறது. அதாவது இந்தப் புது இயந்திரத்தில் படமும் குரலும் ஒரே கம்பியில் வருகின்றன. திரை அணைந்தால் நானும் ஊமை. நான் பேச வேண்டுமென்றால் என் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் தெரிய எரிந்துகொண்டிருக்க வேண்டும். அருட்செல்வன் வாயால் சொன்னதை இந்தக் கம்பி செப்பிலேயே போட்டு வைத்திருக்கிறது. பெட்டியின் முகப்பைத் தடவினேன், அங்கேயும் ஓர் ஓட்டை இருந்தது, சொருகினேன், செத்த ஓட்டை. உள்ளே கம்பியே கொடுக்கவில்லை போல. மறுபடி திரைக்கே வந்தேன். ஒரு கணம், ஏன் பொய் சொல்ல வேண்டும், ஒரு கணம் விட்டுவிடலாமா என்று இருந்தது. மெஹர் சொல்வதிலும் என்ன தப்பு. தேசிகன் போய்விட்டார். இன்னும் நான்கு வருஷம்தான் ஓய்வுக்கு. சொந்தக் கடிதங்களை வீட்டில் எழுதிக்கொள்வது, இங்கே சாலை, மரம், வேகத்தடை. எரியட்டும், நல்ல பெண் என்பார்கள், வரைவு நேரத்துக்குப் போகும், நாற்காலி நிலைக்கும். நிலைக்கும்தான். ஆனால் நான் ஒரு வரியைத் தப்பாக ஆரம்பித்து, அழித்து, மறுபடி ஆரம்பிக்கிறேனே, அந்த அழிப்பு யாருடையது. மற்றவர்கள் யோசிக்கும்போது காகிதத்தின்மேல் கையை வைத்து மறைத்துக்கொள்கிறார்கள், யாராவது வந்தால் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் எதைத் திரும்பிப் பார்ப்பது. நல்ல கடிதம் எழுதுகிறவள் என்ற பெயர் முடித்த கடிதத்துக்குத்தான், முடிக்காததற்கு இல்லை. முடிக்காததை எழுத எனக்கு ஓர் அறை வேண்டும். அப்போதுதான் ஆல்பர்ட்டோடு ஒரு தடவை தொலைபேசியில் சண்டை போட்டது ஞாபகம் வந்தது. பட்டியலில் கடைசிப் பக்கம் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறேன், திரையைக் கறுப்பாக்குவது, கணினி ஓடும், குரல் ஓடும், படம் மட்டும் வராது என்றார். எனக்கு எதுக்கு, நான் பிளக்கையே பிடுங்கிப் போட்டவள் என்று பீற்றிக்கொண்டேன். "பிளக்கப் புடுங்குறது பெரிய காரியமாக்கும். அது வீட்ட இடிச்சுப் போட்டுட்டு யாரும் வரமாட்டாங்கன்னு இருக்க மாதிரிக்கா. நீங்க வேணும்னா தொறக்கணும், வேணாம்னா மூடணும். நான் சாவியத் தாரேன், நீங்க கதவே இல்லன்னு சொல்லுதிய." அன்று கோபம் வந்து நான்தான் முதலில் வைத்தேன். எண்பத்தாறிலிருந்து அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன், வேகத்தில் இல்லை, ஒவ்வொன்றாகக் கேட்டு. நூற்று முப்பத்தேழு. திரையைக் கறுப்பாக்கு. தேர்ந்தெடுத்தேன். விசையைச் சொல்லவும் என்றது. எது. கை தவறிப் படக்கூடாது, தேடவும் கூடாது. மேல் வரிசையில் வலது கோடியில் ஒரு விசை இருக்கிறது, எதற்கென்று யாருக்கும் தெரியாது, யாரும் தொடுவதில்லை, இத்தனை வருஷத்தில் எத்தனையோ பலகைகளில் நானும் தொட்டதில்லை. அதை அமுக்கினேன். திரை கறுத்தது என்றது குரல். குரல் சொன்னால் போதுமா. "மெஹரு, திரையில என்ன தெரியுது, பாத்துச் சொல்லு." அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தாள், அத்தர் வாசனையோடு. "ஒண்ணுமே தெரியலக்கா. இருங்க இருங்க, தெரியுது. என் மொகம் தெரியுது. முக்காடு ஒரு பக்கமா போயிருக்கு, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?" சொல்லியிருப்பேன், இப்போது அதுதான் பேஷன் போல என்று நினைத்துவிட்டேன் என்றேன். என் தோளில் ஓர் அடி விழுந்தது. மறுபடி அமுக்கினேன். "ஆ, வந்துருச்சு." மறுபடி. "போயிருச்சு." மறுபடி. "அக்கா போதும், கண்ணு கூசுது." எனக்கு மனம் நிறைந்திருந்தது, சின்ன வயதில் வேதாவோடு கதவைச் சாத்திச் சாத்தித் திறந்து அப்பாவிடம் திட்டு வாங்கின ஒரு மத்தியானம்போல. சாத்தினேன். பதினொன்று எட்டு.

இருபத்திரண்டு நிமிடம், ஒரு கடிதம். கீழப்பனையூர் மனு மின்னஞ்சலில்தான் வந்திருந்தது, தொண்ணூற்றிரண்டில் கேட்டேன். தொடக்கப் பள்ளிக்கு முன்னால் வேகத்தடை வேண்டும், மூன்று வருஷமாகக் கேட்கிறோம், போன மாதம் ஒரு பிள்ளைக்குக் கால் போனது. பெரிய எழுத்துக்காரர் யாரும் எழுதவில்லை, பள்ளியில் சமைக்கிற அம்மாள் ஒருத்தர், பெயர் பவுனம்பாள். இதற்குப் பதில் எழுதுவது சுலபம், பரிசீலனையில் உள்ளது என்ற பழைய வரி எல்லோருக்கும் பொருந்தும். ஆரம்பித்தேன், அழித்தேன். பள்ளியின் பெயரோடு ஆரம்பித்தேன். அளவெடுக்க எந்தத் தேதியில் யார் வருவார்கள் என்று உதவிப் பொறியாளருக்குத் தொலைபேசி செய்து கேட்டு எழுதினேன். அவர் முனகினார், புதன்கிழமை என்று எழுதட்டுமா வியாழன் என்று எழுதட்டுமா, இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்றேன், புதன் என்றார். தங்கள் பள்ளிப் பிள்ளைகள் சார்பாகத் தாங்கள் அனுப்பிய மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி எழுதி, அது அதிகப்படி என்று அழித்து, இல்லை இருக்கட்டும் என்று மறுபடி எழுதினேன். நான் அழித்ததை யாரும் பார்க்கவில்லை. என் விரல்களுக்கும் எனக்கும் நடுவில் அது முடிந்துபோனது. எதை அழிக்கிறோம் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து இதுவரை அழித்ததில்லை என்று தோன்றியது. அப்போது பிரிவு அடங்கியது, மெஹரின் வளையல் நின்றது, அருட்செல்வனின் கனத்த காலணி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. "என்னம்மா, இருட்டா இருக்கு?" எழுதிட்டிருக்கேன் சார் என்றேன். "எரியட்டும்னு சொன்னேனே." குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான், அவர் சொன்னதை யாரும் கேட்பதில்லை என்கிற வருத்தம், அதற்கு என்னைப்போல ஓர் ஆளிடமிருந்துமா என்கிற வருத்தம். நாற்காலி கைவிட்டுப் போகிறதென்று நினைத்தேன். இணைப்பகத்தின் ஈர வாசனைகூட வந்தது. விசையை அமுக்கினேன். "பாருங்க சார்." அவர் குனிந்தார், உதட்டுக்குள் படித்தார், பள்ளிப் பிள்ளைகள் சார்பாக என்ற இடத்தில் ஒரு தடவை நின்று மறுபடி படித்தார். "புதன்கிழமைன்னு பொறியாளர் ஒத்துக்கிட்டாரா?" ஒத்துக்கிட்டார் சார். "அவர் எங்கிட்ட மூணு வாரமா பிடி கொடுக்கல." படிச்சாச்சா சார் என்றேன். ம் என்றார். அமுக்கினேன். பிரிவில் யாரோ நாற்காலியில் அசைந்தார்கள். நான் எழுந்து நின்றுகொண்டேன், உட்கார்ந்துகொண்டு சொல்கிற விஷயம் இல்லை இது. "சார், நான் எழுதறப்போ பின்னாடி யார் நிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்க அறைக்கு வர்றவங்க வரலாமான்னு கேட்டுட்டுத்தான் வர்றாங்க. எனக்கு அறை இல்லை, இதுதான் இருக்கு. யார் வேணும்னாலும் பாக்கலாம், மேலேருந்து யார் வந்தாலும். கேட்டாக் காட்டறேன். கேக்கணும்." அவருடைய மௌனம் எந்த வகை என்று கண்டுபிடிக்க முயன்றேன், முடியவில்லை, மனிதர்களுடையது கணினியுடையது மாதிரி இல்லை. காலணி திரும்பியது, கதவுவரை போனது. நான் உட்கார்ந்தேன். போகட்டும், நாற்காலி போனால் போகட்டும், வரைவு முடியட்டும். மணிக்கட்டை அமுக்காமலே நேரம் தெரிந்தது, பதினொன்று இருபத்தைந்து இருக்கும். கடைசிப் பத்தியை ஆரம்பித்தேன். அந்தப் பிள்ளையின் பெயர் மனுவில் இருந்தது, நம் கடிதத்திலும் இருக்க வேண்டுமா, இருக்க வேண்டும், எப்படி எழுதுவது என்று அந்த வரியில் நின்றுகொண்டிருந்தபோது காலணி திரும்பி வந்தது. என் நாற்காலிக்குப் பின்னால் வரவில்லை. மேசைக்கு முன்பக்கமாக வந்து, திரையின் முதுகு இருக்கிற பக்கமாக நின்றது. "செங்கமலம்மா," என்றார் அருட்செல்வன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அந்தக் கடைசிப் பத்தியைக் கொஞ்சம் பாக்கலாமா?" ஒரு நிமிஷம் சார் என்றேன். அவர் நின்றார். நான் அவசரப்படவில்லை. பிள்ளையின் பெயரை எழுதினேன், அழித்தேன், முன்னெழுத்தைச் சேர்த்து மறுபடி எழுதினேன், முற்றுப்புள்ளி வைத்தேன், முதலிலிருந்து ஒரு தடவை முழுதாகக் கேட்டேன், அதன் பிறகு வலது கோடி விசைக்குக் கையைக் கொண்டுபோனேன்.